மறுபடியும் துவக்கிய அர்ச். தெரேசம்மாள்



அக்டோபர் மாதம் 15-ந் தேதி அவிலா நகர் அர்ச். தெரேசம்மாளின் திருநாள். அம்மாதம் முதல் தேதியில் நாம் மலர் சூட்டிக் கொண்டாடும் குழந்தை சேசுவின் தெரேசம்மாள் வேறு, இவள் வேறு. சிறுமலர் பிரான்சு தேசத்தாள். 1897-ல் இருபத்து நாலாம் வயதில் மரித்தவள். இவள் ஸ்பெயின் தேசத்தாள். சிறுமலருக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் மூத்தவள். கல்கத்தாவின் தெரேசா அம்மையார் மூன்றாமவர். ஞானோபதேச வகுப்பில் நம் பிள்ளைகள் இம்மூவரையும் ஒருவராக்கி விடுவதுண்டு. ஆகையால் இதை முதலிலேயே சொல்லி வைத்தேன்.

இந்த அர்ச்சியசிஷ்டவளின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் இறகுப் பேனா, மேலே புறா, வானத்தை நோக்கிய கண்கள். படத்தைப் பார்க்கிறவர்கள், இவள் தொட்டிலிலிருந்தே பரவசத்தில் இருந்தவள் போலும், நமக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை அப்படியல்ல. மடத்தில் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருடம் அவள் அரைகுறையாய் வாழ்ந்தாள். செபத்தைத் துவக்குவாள், விடுவாள், மறுபடி துவக்குவாள். முப்பத்தொன்பதாம் வயதில்தான் அவள் வாழ்க்கை திரும்பியது. முன்பெல்லாம் பக்தியாயிருந்தேன் சாமி, இப்போது ஒன்றும் ஓடவில்லை என்று என்னிடம் சொல்லும் உங்களில் பலரை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தெரேசம்மாள் 1515-ம் வருடம் மார்ச்சு மாதம் 28-ந் தேதி பிறந்தாள். தகப்பனார் அலோன்சோ, தாயார் பெயாத்திரிஸ். பாட்டனார் யூத குலத்திலிருந்து திருச்சபையில் சேர்ந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. ஏழு வயதளவில் தன் அண்ணன் ரொத்ரீகோவைக் கூட்டிக்கொண்டு, மூர் இனத்தார் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாய்த் தலை வெட்டுண்டு உடனே மோட்சம் சேர வேண்டுமென்று வீட்டை விட்டுப் புறப்பட்டாள். ஊர் எல்லை தாண்டியதும் சிற்றப்பன் ஒருவர் எதிர்ப்பட்டு இருவரையும் வீட்டுக்குத் திருப்பினார். இந்தச் சம்பவத்தை எல்லாரும் சொல்லுவார்கள். இதற்கு அடுத்ததை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுத் தாயாருக்கு வீரதீரக் கதைப் புத்தகங்களில் ஆசை அதிகம்; தகப்பனாருக்கோ அவை பிடிக்காது. தாயும் மகளும் அவருக்குத் தெரியாமல் அவற்றைப் படித்தார்கள். புதுக் கதை கையில் இல்லாவிட்டால் மகளுக்கு மனம் நிலைகொள்ளாது. அவள் பதின்மூன்று வயதளவில் இருக்கும்போது தாயார் இறந்தார்கள். அப்போது தேவமாதாவின் சுரூபத்துக்கு முன்பாக அழுது, இனி நீரே எனக்குத் தாய் என்று கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அலங்காரம், வாசனைத் தைலம், உறவுக்காரப் பெண் ஒருத்தியுடன் வீண் பேச்சு என்று நாள் போயிற்று. தகப்பனார் கவலைப்பட்டு அவளைப் பதினாறாம் வயதில் அகுஸ்தீன் சபைக் கன்னியரிடம் படிக்க விட்டார்.

அங்கேதான் கன்னியர் வாழ்க்கையைப் பற்றிய எண்ணம் முளைத்தது. அது ஆசையாய் முளைக்கவில்லை. நரகத்துக்குப் பயந்துதான் முதலில் மடத்தை நினைத்தாள் என்று அவளே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறாள். அர்ச். எரோணிமூஸ் எழுதிய நிருபங்களை வாசித்துத் தைரியம் கொண்டாள். தகப்பனார் சம்மதிக்கவில்லை. 1535 நவம்பர் 2-ந் தேதி, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, விடியற்காலையில் சகோதரன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவிலா நகரிலுள்ள மனித அவதார மடத்துக் கதவைத் தட்டினாள். தகப்பனாரை விட்டுப் பிரிந்த அந்த வேதனை மரண வேதனைக்குக் குறைந்ததாயிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பின் வார்த்தைப்பாடு கொடுத்தாள்.

உடனே வியாதி வந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். பெசேதாஸ் என்னும் ஊரில் ஒரு நாட்டு வைத்தியக்காரியிடம் கொண்டுபோனார்கள். அவளுடைய பேதி மருந்து கொஞ்சநஞ்ச பலத்தையும் எடுத்துவிட்டது. 1539 ஆகஸ்டு மாதம் தேவமாதாவின் ஆரோபணத் திருநாளை ஒட்டி நாலு நாள் மட்டும் பிரேதம்போல் கிடந்தாள். மடத்தில் குழி வெட்டிவிட்டார்கள். கண்ணிமைகளில் மெழுகுகூடப் பட்டிருந்தது. தகப்பனார் மாத்திரம் என் மகள் சாகவில்லை என்று பிடிவாதமாய் நின்று அடக்கத்தைத் தடுத்தார். அவர் தடுத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு, உடம்பு முடிச்சுப் போட்டதுபோல் சுருண்டிருந்தது. ஏறக்குறைய மூன்று வருடம் முடக்கம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்கிய நாளில் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னாள். கடைசியில் எழுந்து நடந்தது அர்ச். சூசையப்பருடைய வேண்டுதலால் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

இவ்வளவு பெரிய உபகாரம் பெற்றவள் இனி உருகி உருகிச் செபித்திருப்பாள் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? அதுதான் இல்லை. பிழைத்து எழுந்த பிற்பாடுதான் அவள் மந்தமானாள்.

அந்த மடத்தின் நிலைமையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றைம்பது பேருக்கு மேல் கன்னியர். கெட்ட மடமல்ல, நல்லவர்கள் அநேகர் இருந்தார்கள். ஆனால் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. செல்வர் வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள், ஏழைப் பெண்களுக்குப் பொது அறை. அடைப்பு ஒழுங்கு கண்டிப்பாயில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் பேச்சறைக்கு வருவார்கள். வருகிறவர்கள் காணிக்கையும் தருவார்கள். தெரேசம்மாளுக்கோ அழகு உண்டு, கலகலப்பு உண்டு, பேச்சுச் சாதுரியம் உண்டு. பேச்சறைக்கு அவளைத்தான் எல்லாரும் கேட்டார்கள். மணிக்கணக்காய்ப் பேச்சு. பெரும் பாவம் ஒன்றுமில்லை, வெறும் பேச்சுதான். நமக்கோ, அந்தப் பேச்சறை இப்போது கைப்பேசி உருவத்தில் சட்டைப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் அவள் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் சேசுநாதருடைய திருமுகம் கடுமையோடு தன்னை நோக்குவதை ஆத்துமத்தில் உணர்ந்தாள். பயந்தாள், சில நாளில் அது கற்பனையாயிருக்கும் என்று தள்ளிவிட்டாள். மடத்தில் உறவுக்காரியான வயது சென்ற கன்னியாஸ்திரீ ஒருத்தி எச்சரித்தாள். அந்த அம்மாள் அநாவசியமாய்த் திடுக்கிடுகிறாள் என்று கோபித்துக்கொண்டாள்.

பிறகு வந்தது இன்னும் மோசம். தியானம் செய்வதையே விட்டுவிட்டாள். எதற்காக? தாழ்ச்சிக்காக! இத்தனை குற்றமுள்ள நான் எந்த முகத்தோடு ஆண்டவரோடு தனித்துப் பேசுவது, எல்லாரையும் போல் வாய்ச்செபம் மாத்திரம் சொல்லிக்கொண்டிருப்பதே எனக்குத் தகுதி என்று எண்ணினாள். தன் வாழ்நாளில் பசாசு வைத்த கண்ணிகளில் இதுவே கொடியதென்று பிற்காலத்தில் கண்டுகொண்டாள். இந்தக் கண்ணி நம்முடைய பங்கிலும் உண்டு. நான் சுத்தமாயில்லை, ஆகையால் பூசைக்கு வரவில்லை, பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை என்பார்கள். நோயாளி, நான் சுகமானபிறகு வைத்தியரிடம் போகிறேன் என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதில் மனதை உறுத்துகிற ஒரு சங்கதி இருக்கிறது. அவள்தான் முன்னே தன் தகப்பனாருக்குத் தியானம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தாள். அந்த நல்ல மனிதர் அதில் நன்றாய்த் தேறிவிட்டார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் ஞானக் காரியங்களைப் பேச ஆசையோடு வருவார். கற்றுக்கொடுத்தவள் அதை விட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. அவரை ஏமாற்றிக்கொண்டிருக்க அவளுக்கு மனசு வரவில்லை. நான் இப்போது தியானம் செய்வதில்லை என்று சொன்னாள். ஆனால் சுகவீனத்தைக் காரணமாய்ச் சொன்னாள். தகப்பனார் அதை அப்படியே நம்பி அவள்மேல் இரக்கப்பட்டார். அதன்பின் வந்தாலும் அதிக நேரம் தங்க மாட்டார். பார்த்துவிட்டு உடனே போய்விடுவார், மற்றது வீண் நேரமென்பார். பேச்சறையில் மகள் செலவழித்த மணிக்கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1543 டிசம்பரில் தகப்பனார் படுக்கையில் விழுந்தார். மகள் மடத்திலிருந்து வந்து பணிவிடை செய்தாள். நல்ல மரணம் அடைந்தார். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமிநாதர் சபைக் குரு விசேந்தே பரோனிடம் தெரேசம்மாளும் தன் மனதைத் திறந்தாள். அவர் நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சற்பிரசாதம் வாங்கச் சொன்னார். தியானத்தை மறுபடி துவக்கச் சொன்னார். துவக்கினாள். அதற்குப் பின் சாகுமட்டும் விடவேயில்லை.

துவக்கினாளே தவிர, அது இனிக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இழுபறிதான். ஒரு பக்கம் ஆண்டவர் அழைத்தார், இன்னொரு பக்கம் பேச்சறை அழைத்தது; இரண்டையும் விட முடியவில்லை, இரண்டிலும் சந்தோஷமில்லை. செபத்துக்கென்று குறித்த ஒரு மணி நேரம் எப்போது தீரும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கோவிலுக்குள் நுழையும்போதே மனம் கனக்கும். எந்தக் கடுந்தவத்தைக் கொடுத்தாலும் அதைவிட லேசாய்ச் செய்திருப்பாள். பிரசங்கத்தின்போது உங்களில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்க்காமலில்லை. குருமடத்தில் காலைத் தியானத்தின்போது சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்ததுண்டு என்பதால் கோபித்துக்கொள்வதுமில்லை. இத்தனைக்கும் அவள் எழுந்து போய்விடவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடுகிற மனதைக் கட்டிப்போட அந்தப் புத்தகம் அவளுக்கு வேண்டியிருந்தது. சில நாள் நாலு வரி வாசிப்பாள், சில நாள் வெறுமே திறந்து வைத்திருப்பதே போதும்.

இன்னொரு சின்னப் பழக்கத்தையும் அவள் ஒருநாளும் விடவில்லை. மடத்தில் சேருமுன்னே, சின்ன வயதிலேயே ஏற்பட்ட பழக்கம் அது. படுக்கப் போகுமுன் பூங்காவனத்தில் சேசுநாதர் இரத்த வியர்வை வியர்த்த வேதனையைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்வாள். தனிமையில் வருந்துகிறவர் தன்னைப் போன்றவளையும் பக்கத்தில் வரவிடுவார் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

1554-ம் வருடம் வந்தது. ஒரு திருநாளுக்காக இரவல் வாங்கிவந்த சுரூபம் ஒன்றைச் செபக்கூடத்தில் வைத்திருந்தார்கள். காயங்களோடு பாடுபட்ட சேசுநாதருடைய சுரூபம். தெரேசம்மாள் எத்தனையோ பாடுபட்ட சுரூபங்களைப் பார்த்தவள். ஆனால் அன்று தற்செயலாய் உள்ளே நுழைந்தவளுக்கு நெஞ்சு உடைந்தது. அந்தக் காயங்களுக்குத் தான் செய்த கைம்மாறு எவ்வளவு சொற்பம் என்று கண்டாள். பாதத்தில் விழுந்து, மரிய மதலேனம்மாளை நினைத்துக்கொண்டு, கேட்டது கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேனென்று அழுதாள்.

இதுபோல் அவள் முன்பும் அழுதிருக்கிறாள், முன்பும் தீர்மானம் செய்திருக்கிறாள். இந்தத் தடவை மாத்திரம் நிலைத்தது ஏன்? அவளே திரும்பிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். முன்னெல்லாம் தீர்மானம் செய்தபோது தன்னிலும் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தாள். தன் திடமனதால் இழுத்துப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் உள்ளே ஒளிந்திருந்தது. இந்த முறை அது முழுவதும் செத்துப்போயிற்று. தன்னை நம்பாமல் ஆண்டவரை மாத்திரம் நம்பினாள். வருடப் பிறப்பன்று நாம் செய்யும் தீர்மானங்கள் மூன்று இராசாக்கள் திருநாளுக்குள் உடைந்துபோவதை நினைக்கையில், இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்ததுண்டு.

அதே காலத்தில் அர்ச். அகுஸ்தீனாருடைய பாவசங்கீர்த்தனம் என்னும் புத்தகம் அவள் கைக்கு வந்தது. தோட்டத்தில் அவர் குரல் கேட்டு மனந்திரும்பிய இடத்தை வாசித்தபோது, ஆண்டவர் தன்னையே அழைக்கிறாரென்று உணர்ந்தாள். தன்னைப்போல் வருடக்கணக்காய் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்ட ஒருவர் அர்ச்சியசிஷ்டராகியிருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இதன்பின் அவள் தன்னை ஒருபோதும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. தன் மனதில் நடப்பதையெல்லாம் குருக்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர்களில் ஒருவர் அவளைவிட மிக இளையவரான சேசு சபைக் குரு. வயதைப் பார்க்காமல் அவர் சொன்னபடி செய்தாள். அர்ச். பிரான்சிஸ் போர்ஜியாவும், அல்காந்தரா நகர் அர்ச். இராயப்பரும் அவளைத் தைரியப்படுத்தினார்கள்.

ஆத்துமசோதனையைப் பற்றி அவள் எழுதியவை நம் வீட்டுத் தாய்மார்களுக்கு உடனே விளங்கும். வெயில் நன்றாய் விழுகிற அறையில் ஒட்டடை மறைந்திருக்க முடியாது என்கிற மாதிரி சொல்லுகிறாள். இருட்டறையில் எல்லாம் சுத்தமாய்த்தான் தோன்றும். ஆகையால் உங்கள் குற்றங்கள் முன்பைவிட இப்போது அதிகமாய்த் தெரிகின்றன என்றால், நீங்கள் கெட்டுப்போனீர்கள் என்று அர்த்தமாகாது. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தமாகலாம். ஆனால் சேற்றையே கிண்டிக்கொண்டிருப்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தேனீ கூட்டிலே உழைக்கிறது, அதே சமயம் பூவைத் தேடி வெளியே பறக்கவும் செய்கிறது. தன்னைப் பார்க்கிற ஆத்துமம் சேசுநாதரைப் பார்க்கவும் பறந்து போய்வர வேண்டும். தன் அழுக்கை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறவன் கோழையாவான் என்பது அவள் அனுபவம். தாழ்ச்சியின் பெயரால் செபத்தை விட்டவளல்லவா!

செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டிருக்கிறாள். நாலு விதம். முதலாவது, கிணற்றில் கயிறும் வாளியும் போட்டுக் கை வலிக்க இறைப்பது. இரண்டாவது, சக்கரம் வைத்து இறைப்பது; நம் தகப்பன்மார் காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்களே, அதைப்போல உழைப்பு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது, ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாய்ப் பாய்வது. நாலாவது, மழை. மழை ஆண்டவருடைய வேலை. அதைக் கேட்டு வாங்க முடியாது. துவக்குகிறவனுக்கு உள்ளது வாளிதான். சில நாள் கிணற்றில் தண்ணீரே இராது. அப்போதும் தோட்டக்காரன் வாளியை இறக்க வேண்டும். தோட்டம் அவனுடையதல்ல, எசமானுடையது, எசமான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிணறு வற்றுவதென்றால் என்னவென்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இனி அவள் செய்த பெரிய வேலைகளைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். அவை எல்லாச் சரித்திரங்களிலும் உள்ளன. 1562 ஆகஸ்டு 24-ந் தேதி அவிலாவில் அர்ச். சூசையப்பர் பேரால் சிறு மடமொன்றை நாலு கன்னியரோடு துவக்கினாள். கார்மேல் சபையின் பழைய ஒழுங்கு அப்படியே அனுசரிக்கப்பட வேண்டும், கன்னியர் சிலராயிருக்க வேண்டும், தரித்திரம் மெய்யாயிருக்க வேண்டும். ஊரே கலகம் செய்தது. நகரசபையார் மடத்தை மூடப் பார்த்தார்கள். அன்றைக்கே அவளைப் பழைய மடத்துக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அவள் பொறுத்திருந்தாள். பிறகு இருபது வருடத்தில் மொத்தம் பதினேழு கன்னியர் மடங்கள். வெயிலிலும் பனியிலும் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் பிரயாணம். அர்ச். சிலுவை அருளப்பரோடு சேர்ந்து ஆண்கள் மடங்களும் 1568 முதல் ஏற்பட்டன. நடுவில் வழக்குகள், தூற்றல்கள், வியாதிகள். அடுப்பங்கரையில் சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று வேலைமிகுந்த தன் கன்னியரைத் தேற்றுவாள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1571-ல் நடந்தது. மேலதிகாரிகள் அவளை அவளுடைய பழைய மனித அவதார மடத்துக்கே தலைமைத் தாயாராய் அனுப்பினார்கள். அங்குள்ள கன்னியர் அவளைத் தெரிந்தெடுக்கவில்லை. தங்கள் சுதந்திரத்தைப் பறிக்க வருகிறாள் என்று கூச்சலிட்டு வழி மறித்தார்கள். ஐம்பத்தாறு வயதான தெரேசம்மாள் உள்ளே போனாள். முதற் கூட்டத்துக்குக் கன்னியர் சண்டைக்குத் தயாராய் வந்து பார்த்தால், தாயாருடைய ஆசனத்தில் தேவமாதாவின் சுரூபம் இருந்தது. மடத்துச் சாவிகள் மாதாவின் கையில். தெரேசம்மாள் அந்தப் பாதத்தின் அருகே கீழே உட்கார்ந்திருந்தாள். நான் உங்களை ஆளவல்ல, உங்களுக்கு ஊழியம் செய்யவே வந்தேன், உங்கள் தலைவி இதோ இருக்கிறார்கள் என்ற கருத்துப்படப் பேசினாள். சண்டை நின்றது. முதலில் பசித்திருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி தேடினாள். மறு வருடம் அர்ச். சிலுவை அருளப்பரை அவர்களுக்கு ஆன்ம குருவாய் வரவழைத்தாள். அப்புறம் பேச்சறைக்கு ஒழுங்கு வைத்தாள். வரவேண்டாமென்று தடுக்கப்பட்ட பெரிய மனிதர்களுக்குக் கோபம் வராமலில்லை. அந்த அறையில் உட்கார்ந்து தன் வருடங்களைச் செலவழித்தவளே இப்போது அதன் கதவைச் சாத்தினாள். அங்கே என்ன போய்விடுகிறது என்று அவளைவிட நன்றாய்த் தெரிந்தவர் யார்?

1582-ல் புர்கோஸ் நகரில் கடைசி மடத்தை ஸ்தாபித்துவிட்டு அவிலாவுக்குத் திரும்ப ஆசைப்பட்டாள். கீழ்ப்படிதலின் பொருட்டு அல்பா நகருக்குப் போகவேண்டியதாயிற்று. அங்கே படுத்தவள் எழுந்திருக்கவில்லை. திருச்சபையின் பிள்ளையாய்ச் சாகிறேன் என்பதே அவளுக்கு ஆறுதலாயிருந்தது. அறுபத்தேழு வயது. 1622 மார்ச்சு 12-ந் தேதி அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுக்கப்பட்டது. நமது முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கை சோர்ந்த அர்ச். சவேரியாருக்கும் அதே நாளில்தான். 1970 செப்டம்பர் 27-ந் தேதி ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் அவளைத் திருச்சபையின் வேதபாரகி என்று அறிவித்தார். பெண்களில் அந்தப் பட்டம் பெற்ற முதலானவள் இவளே.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், பெரியவர்கள் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவள் இறந்தது அக்டோபர் 4-ந் தேதி இரவு. திருநாளோ 15-ந் தேதி. ஏன்? பதின்மூன்றாம் கிரகோரியார் பாப்பானவர் பஞ்சாங்கத்தைத் திருத்தியது அந்த வருடத்தில்தான். பத்து நாட்களைத் தள்ளிவிட்டார்கள். ஸ்பெயின் தேசத்தில் 4-ந் தேதி இரவு படுத்தவர்கள் விடிந்து எழுந்தபோது 15-ந் தேதியாயிருந்தது.